சந்தனம் பூசிய சிடி

அந்த சிடியில் இப்போதும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. திருத்தணிக் கடைத்தெருவில், மலைப்படிக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு கடையின் சாமி மாடத்தில், முருகன் படத்தின் காலடியில் அதைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் லட்சுமி, மறுபக்கம் திருப்பதிப் பெருமாள், நடுவில் வள்ளி தெய்வானையோடு முருகன், அவருக்குக் கீழே வட்டமாக மின்னும் இந்தப் பிளாஸ்டிக் தகடு. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பூ உண்டு, ஊதுவத்தி உண்டு. புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பக்திப் பாட்டு சிடி என்று நினைத்துக்கொள்வார்கள். அது லினக்ஸ் சிடி. கணினியை இயக்குகிற ஒரு மென்பொருள். அதைத் தேர்ந்தெடுத்தவள் நான். அதைக் கும்பிட வைத்தவர் என் பாவா.

எங்கள் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும். அக்காவின் கணவரை பாவா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். தன் அப்பாவை நைனா என்பார். ஆந்திராவிலிருந்து மொட்டை போட வருகிற பக்தர்களிடம் தெலுங்கிலும் தாலுகா ஆபீஸ்காரர்களிடம் தமிழிலும் பேசுவார். இரண்டிலும் ஆளை மயக்கிவிடுவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் இறுக்கமாக மடித்து, நெற்றியில் விபூதியை மூன்று கோடாக இழுத்து, தலையைப் படிய வாரி, காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது பார்த்தால் கோயில் திறக்கிற ஆள் மாதிரி இருக்கும். முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் மெஷின் வந்தது. பிறகு கணினிகள் வந்தன. கணினியைப் பொட்டி என்பார். ‘அந்த மூணாவது பொட்டி சரியா மூச்சு வுடல, இன்னா ஏதுன்னு பாரும்மா’ என்பார். அவர் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்க முடிந்தால் இதை எழுதவேண்டிய தேவையே இருக்காது. நான் கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்கி வந்தவர் அவர்தான். மொபெட்டின் பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு போய், கல்லூரி அலுவலகத்தில் ‘எங்க மச்சினிச்சிங்க, படிப்புல புலி’ என்று எழுத்தரிடம் பெருமையடித்தவரும் அவர்தான்.

நாங்கள் திருவாலங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அவர்கள் விடியும் முன் கிளம்பிவிடுவதால் என்னைத் தூக்கி வளர்க்க அக்கா வீட்டில் இருந்தாள். அவள் பள்ளிக்கூடத்துக்குள் போனதே என் மதிய உணவுத் தட்டை வாங்கிக்கொண்டு வரத்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவள் நான், முதலில் பட்டம் வாங்கியவளும் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்க நான் இதுவரை முயன்றதில்லை. கர்வத்துக்குப் பின்னால் இன்னொன்றும் உண்டு. அறுவடைக் காலத்தில் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது காவல்காரன் கூலிப் பெண்களை நிறுத்தி, மடியை அவிழ்த்துக் காட்டச் சொல்வான். கரும்புத் துண்டு ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று பார்ப்பதற்காக. ஒருநாள் நான் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது அம்மா வரிசையில் நின்று மடியை அவிழ்த்துக் காட்டியதைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அம்மா உதறிக் கட்டிக்கொண்டு நடந்தாள். ‘பாத்துட்டான் இல்ல, போதும் வா’ என்றாள். திருட்டு என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அந்த உதறல்தான் ஞாபகம் வரும்.

பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்ததும் பாவாவின் கடையில் உட்கார்ந்தேன். வெளியே வேலை கிடைக்கும் வரைக்கும் என்று பேச்சு. உள்ளே உட்கார்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அந்தக் கடையின் எல்லாக் கணினிகளும் திருட்டுச் சிடியில் ஓடுகின்றன என்று. அந்தக் காலத்தில் அது ஒரு பெரிய செய்தி இல்லை. ஊரில் எல்லாக் கடைகளிலும் அப்படித்தான். சென்னைக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால், கையால் பெயர் எழுதிய சிடி ஒன்று வரும். அதையே சுற்றுக்கு விட்டு எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். கணினியைக் காக்க இன்னொரு திருட்டுச் சிடியில் வைரஸ் தடுப்பான் வரும். அது சில நாளில் காலாவதியாகிவிடும். பையன்கள் பாட்டு ஏற்றிக்கொள்ளக் கொண்டுவரும் பென் டிரைவில் வைரஸ் வந்து இறங்கும். நான் தினமும் காலையில் ஒவ்வொரு கணினியாகத் துடைத்தெடுப்பேன். சாயங்காலம் மறுபடி வந்திருக்கும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அது எல்லோர் முன்னாலும் வெடித்தது. காலையிலிருந்தே கடை வாசலில் கூட்டம். ரிசல்ட் வரும் நேரத்துக்குச் சரியாக எங்கள் கணினிகள் ஒவ்வொன்றாகத் தாமே அணைந்து தாமே எரியத் தொடங்கின. பதிவெண் அடித்து முடிப்பதற்குள் திரை இருண்டுவிடும். பாவா சிரித்துச் சமாளித்தார். ‘இருங்கப்பா, பொட்டிக்கும் டென்ஷனு’ என்றார். ‘இன்னாண்ணே, பொட்டி ஃபெயிலா?’ என்று ஒருவன் கேட்டதும் கூட்டம் சிரித்தது. பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண், கையில் ஹால் டிக்கெட்டைப் பிடித்தபடி, அழுகையை அடக்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் கூட்டமே ஓடியது. காலியான கடையில் பாவா ஸ்டூலில் உட்கார்ந்து மடித்த சட்டைக் கையைப் பிரித்துவிட்டார். பிறகு மறுபடி மடித்தார். அவமானத்தில் அவர் கை சும்மா இராது.

‘நீ கம்ப்யூட்டர்ல டிகிரி படிச்சிருக்கிற. உனக்கு இன்னா தோணுது, சொல்லு. அதயே பண்ணிடுவோம்’ என்றார்.

என் வாழ்க்கையில் ஓர் ஆண் என்னிடம் முடிவைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் லினக்ஸ் என்றேன். அவர் அந்தப் பெயரை நாக்கில் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். அது நடந்துவிட்டால் கடையின் மேல் மாடியில் பயிற்சி வகுப்பு தொடங்கலாம் என்று அவரே சொன்னார். ‘வாசல்ல போர்டு வெப்போம். உன் பேரு, பக்கத்துல பி.எஸ்சி. பெரிய எழுத்துல. மலைக்கு ஏறுறவன் எல்லாம் படிச்சுகினு போவட்டும்.’ அக்கா சாப்பாட்டுக் கூடையோடு நின்றிருந்தாள். ‘நெஜமாவா?’ என்று என்னைக் கேட்காமல் அவரைக் கேட்டாள். ‘ஆங், நெஜமாத்தான்’ என்றார். வெளியே வேலை தேடும் எண்ணத்தை அந்த நிமிடமே விட்டேன். எனக்கு அந்தப் போர்டு வேண்டியிருந்தது. என் அப்பாவின் முதலெழுத்தோடு என் பெயரும், அதற்குப் பக்கத்தில் என் பட்டமும், சாலையில் போகிறவர்கள் தலை நிமிர்ந்து படிக்கும் உயரத்தில். அதைவிடப் பெரிதாக எதையும் நான் கேட்டதில்லை.

எந்த லினக்ஸ் என்று தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான வேலையாக இருந்தது. அது ஒன்று இல்லை, பல வகை. கணினிப் பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சிடிகளைக் கல்லூரித் தோழிகளிடமிருந்து வாங்கி, ஓரத்தில் பழுதாகக் கிடந்த ஒரு கணினியைச் சரிசெய்து, அதில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் வந்தன. எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ரயில் டிக்கெட் எடுக்க வருகிறவரை அதன் முன்னால் உட்கார வைக்க முடியாது. ஒன்று அழகாக இருந்தது, ஆனால் எங்கள் பழைய கணினிக்கு அது ஏறாத சுமை. மவுஸை நகர்த்திவிட்டு ஒரு வாய் டீ குடித்துவிட்டு வரலாம். ஒன்றுக்கு எங்கள் பிரிண்டரையே தெரியவில்லை. இன்னொன்றில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. நல்லது எது என்று பத்திரிகை எழுதியதைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம் என்று அப்போது புரிந்தது. கடைக்கு வருகிறவர் எதற்கு வருகிறார் என்பதிலிருந்து தொடங்கினேன். ரிசல்ட் பார்க்க, வேலைக்கு விண்ணப்பிக்க, பயோடேட்டா அடிக்க, துபாயில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப. இதெல்லாம் தடையின்றி நடக்கவேண்டும், தமிழும் தெலுங்கும் தெரியவேண்டும், பழைய இயந்திரத்தில் ஓடவேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கணினியை மட்டும் தொடவில்லை. பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருந்த அத்தனை பத்திரிகைகளும் வேறு எதிலும் திறக்காது. அதை இணையத்திலிருந்து துண்டித்து, அந்த ஒன்றுக்கு மட்டும் பில் போட்டு மென்பொருள் வாங்கிவிடலாம் என்றேன். ‘பாக்கலாம்’ என்றார். பிடிக்காததை அவர் எப்போதும் அப்படித்தான் மறுப்பார்.

நான் கடைசியாகத் தேர்ந்தெடுத்த லினக்ஸின் சிடி வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. கேட்டு எழுதினால் யாருக்கும் அனுப்புவார்கள். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் பாவா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘காசு கேக்கலியா?’

‘இல்ல பாவா.’

‘சும்மா எவன் அனுப்புவான்? இதுல இன்னாவோ இருக்குது.’

அவருக்கு நான் விளக்கினேன். பலர் சேர்ந்து எழுதிய மென்பொருள் இது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்த்து மாற்றலாம், நகல் எடுத்து ஊருக்கே கொடுக்கலாம், அதற்கான உரிமையை எழுதியே கொடுத்திருக்கிறார்கள் என்று. அவர் தலையாட்டினார். அவருக்கு விலை இல்லை என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. எனக்கு விழுந்தது வேறு. நான் பிறந்ததிலிருந்து இலவசம் வாங்கியே வளர்ந்தவள். இலவசப் புத்தகம், இலவசச் சீருடை, இலவசப் பஸ் பாஸ், விடுதியில் இலவசச் சோறு. எல்லாவற்றுக்கும் வரிசையில் நிற்கவேண்டும், பெயர் கூப்பிடும்போது கையைத் தூக்கவேண்டும், கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். ‘ஓசியில படிக்கிறதுங்க’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது காதில் விழுந்தும் விழாததுபோல் திரும்பவேண்டும். இந்த சிடி ஒன்றுதான் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. எடுத்துக்கொள், பிரித்துப் பார், உனக்குத் தெரிந்தால் திருத்து, அடுத்தவருக்குக் கொடு என்றது. கையில் வாங்கியதும் எதற்கும் கூசவில்லை. அதன் வெளிறிய ஓரத்தில், மார்க்கர் பேனாவால் என் பெயரை முதலெழுத்தோடு எழுதி, பி.எஸ்சி. என்று போட்டேன். பாவா பார்த்துவிட்டுச் சிரித்தார். ‘போர்டுக்கு முன்னாடி இதுலயே ஆரம்பிச்சிட்டியா?’ என்றார்.

அடுத்த கிருத்திகை அன்று அதை மலைக்கு எடுத்துப் போவதாக அவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் முதலில் அது முருகன் காலடிக்குப் போகும். கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதி, வண்டிச் சாவி, ஹால் டிக்கெட், கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் சாவி. அங்கே சாமி பாதத்தில் வைத்த சந்தனத்துக்குத் தனி மதிப்பு. நெற்றியில் இடமாட்டார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள், நோய் தீரும் என்பார்கள். பாவாவை எனக்குத் தெரியும், எங்கள் ஊரையும் தெரியும். அதனால் அது மலையேறும் முன்பே எடுத்து ஒரு நகல் போட்டு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நகல் எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது.

மலையில் நடந்ததை பாவாவே பிறகு பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். தட்டில் தேங்காய், வெற்றிலை, பழத்தோடு சிடியும் இருந்ததைப் பார்த்து, இது பாட்டு கேசட்டா என்று குருக்கள் கேட்டாராம். ‘கம்ப்யூட்டரோட உசுரு சாமி, பாதத்துல வெச்சுக் குடுங்க’ என்றாராம் பாவா. அவரும் பாதத்தில் வைத்து, உசிருக்கு என்று கேட்டதாலோ என்னவோ, தாராளமாகச் சந்தனத்தைத் தடவியே கொடுத்துவிட்டார். எழுத்து இருக்கும் பக்கம் தப்பியது. மின்னுகிற பக்கத்தில் அப்பியது. பாவா அதை வாழையிலைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். துடைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ‘பாதச் சந்தனத்த தொடைப்பாங்களா? அதோட போட்டாத்தான் உள்ள போவும்.’ அப்படியே கணினியின் சிடித் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். அது சுற்றத் தொடங்கியது. காய்ந்த சந்தனம் உள்ளே உரசும் கரகர சத்தம் கடை முழுக்கக் கேட்டது. பாவா கண்ணை மூடிக்கொண்டார். ‘ஏறுது பாரு, ஏறுது’ என்றார். ஏறவில்லை. திரையில் பிழைச் செய்தி வந்தது. அதற்குள் வாசலில் ஆந்திரா வண்டி ஒன்று வந்து நின்றதால் அவர் வழிகாட்ட எழுந்து போனார்.

நான் சிடியை வெளியே எடுத்தேன். உள்ளே படிந்த தூளை ஊதித் தள்ளி, துணியால் துடைத்து, கைப்பையிலிருந்த நகலைப் போட்டேன். அது சத்தமில்லாமல் ஓடியது. நிமிர்ந்தால் அக்கா நின்றிருக்கிறாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

‘சொல்லிடாதடி’ என்றாள். ‘மலையிலேர்ந்து வர்ற வழியெல்லாம் சொல்லிகினே வந்திருக்காரு. இப்ப போயி சாமி சிடி ஓடலன்னு சொன்னா மனுசன் உடைஞ்சுடுவாரு.’

‘என் வேலைக்கா, கஷ்டப்பட்டு…’

‘உன் வேலதான். எனக்குத் தெரியுமில்ல. போர்டு வெக்கிறப்ப ஊருக்கே தெரியும்.’

பாவா திரும்பி வந்தபோது திரையில், மென்பொருள் ஏறுவதைக் காட்டும் நீலக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். ஓடுவது நகல் என்று நான் சொல்லவில்லை. போர்டு வருகிறதே என்ற நம்பிக்கையில் அந்தப் பொய்யைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாளே அந்த சிடி சாமி மாடத்துக்கு ஏறிவிட்டது.

நான் நினைத்ததைவிடவும் அது நன்றாக ஓடியது. வைரஸ் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. பையன்கள் எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் எங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வைரஸ்கள் எழுதப்பட்டது வேறு வகைக் கணினிக்கு. இது எனக்குத் தெரியும், கேட்டவர்களுக்குச் சொன்னேன். ஆனால் பாவா என்னைவிடச் சத்தமாகச் சொன்னார். ‘பாதச் சந்தனம் உள்ள போயிருக்குது. வைரஸு எப்படிங்க கிட்ட வரும்?’ கடைத்தெரு முழுவதும் அது பரவியது. அடுத்த ரிசல்ட் அன்று எதிர்க்கடைக் கூட்டம் எங்கள் கடைக்கு ஓடி வந்தது. ஒரு கணினியும் அணையவில்லை. ஒரு பெண் தேறிய சந்தோஷத்தில் என் கையைப் பிடிக்காமல் மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மற்றக் கடைக்காரர்கள் தங்கள் திருட்டுச் சிடிகளைத் தேங்காய்த் தட்டில் வைத்து மலைக்கு எடுத்துப் போனார்கள். அவர்கள் கணினிகளில் வைரஸ் முன்போலவே குடியிருந்தது. அதனால் பாவாவின் கைராசி மேலும் உயர்ந்தது. பள்ளிப்பட்டில் கடை வைத்திருந்த ஒருவர், தன் சிடியை பாவா கையாலேயே மலைக்கு எடுத்துப் போகவேண்டும் என்று கேட்டு வந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த லினக்ஸுக்கு ஒரு நகல் தருகிறேன், நானே வந்து போட்டும் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார். ‘இருக்கட்டும்மா. அண்ணன் கையால ஆவட்டும்.’

பயிற்சி வகுப்பும் நடந்தது. மாடியில் தகரக் கூரைக்கு அடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கோப்பு எங்கே இருக்கிறது, அதைத் திறக்க யாருக்கு அனுமதி என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். எதையும் தொட்டுப் பார்க்கப் பயப்படாதீர்கள், கெட்டுப்போனால் நான் மறுபடி போட்டுத் தருகிறேன் என்பேன். போர்டு எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குவது எனக்குப் பழக்கமில்லை. அக்கா கேட்டாளாம். ‘ஆடிக் கிருத்திகைக்குள்ள’ என்றாராம்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் பெயின்டர் ஏணியோடு வந்துவிட்டார். ஊரெல்லாம் பூக் காவடி, சாலையில் நடக்க இடமில்லை. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைக்கு வந்தபோது எழுத்து பாதி முடிந்திருந்தது. நீலப் பலகையில் மஞ்சள் எழுத்து. கணினிப் பயிற்சி மையம், லினக்ஸ் கற்றுத் தரப்படும், பொறுப்பாளர் என்று போட்டு, அதற்குக் கீழே பாவாவின் தம்பியின் பெயர். தம்பி ஐ.டி.ஐ.யில் சேர்ந்து பாதியில் விட்டவன். கம்பெனி கம்பெனியாக மாறிவிட்டு அந்த மாதம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தான். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டான். நல்லவன்தான், கூச்சப்பட்டான்.

பாவா உள்ளே உட்கார்ந்திருந்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் குரல் இதமாகத்தான் இருந்தது.

‘பொட்டி எல்லாம் தானா ஓடுது. சாமி பாத்துக்குறாரு. இதுல நீ தெனம் வெயில்ல பஸ் ஏறி வந்துகினு எதுக்கு? கல்யாணம் பண்ற வயசு. நாளைக்கு நீ போயிட்டா போர்ட அழிச்சு எழுத முடியுமா? தம்பின்னா இங்கயே இருப்பான்.’

கணினிகள் தாமாக ஓடுவதற்காகத்தான் நான் அத்தனை மாதம் உழைத்தேன். தினமும் பழுதானபோது நான் தேவைப்பட்டேன். பழுதே ஆகாதபடி செய்தேன், அதனால் தேவையில்லாமல் போனேன். இதை இப்போது எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது. அன்று அது தெரியவில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்தில் உடைத்தேன்.

‘சாமி சிடி ஓடவே இல்ல பாவா. சந்தனம் பட்டு அன்னிக்கே நின்னு போச்சு. நான் முன்னாடியே காப்பி எடுத்து வெச்சிருந்தேன். இங்க இருக்கிற மெஷின் எல்லாம் என் காப்பியிலதான் ஓடுது.’

பாவா சட்டைக் கையைப் பிரித்தார். மடித்தார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒரு நொடி பரிதாபமாகக்கூட இருந்தது. பிறகு அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

‘காப்பியா?’ என்றார். ‘அப்ப இம்மா நாளா என் கடையில திருட்டு சிடி போட்டு வெச்சிருக்கிற. அதுவும் சாமி பேர சொல்லிகினு.’

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். நான் சொல்லிப் பார்த்தேன். இதை நகல் எடுக்கலாம், எடுக்கவேண்டும் என்றே எழுதியிருக்கிறது, இது திருட்டு இல்லை என்றேன். ‘காப்பி அடிச்சுக்கோன்னு எந்தக் கம்பெனிக்காரன்மா சொல்லுவான்?’ என்றார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர். கடையிலேயே திருட்டு இல்லாத ஒரே பொருளைக் கொண்டுவந்தவள் நான். திருட்டு சிடியில் வளர்ந்த கடையில் நின்றுகொண்டு என்னைத் திருடி என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தோட்டத்து வாசலில் மடியை உதறிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. என் கைப்பையில் அந்த நகல் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. கடைக்குள் வந்து நின்ற அக்கா தரையைப் பார்த்தாள். நான் பெயின்டரின் ஏணிக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, காவடிக் கூட்டத்துக்கு எதிராக நடந்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

இப்போது நான் தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறேன். ஓர் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எல்லாமே லினக்ஸ். நேர்காணலில் எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். கடையின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை, நானாகக் கற்றேன் என்றேன். அதுவும் உண்மைதான். பாவாவின் கடையில் நான் போட்டது சில மாதங்களே நின்றது. புதிய பிரிண்டர் வாங்கியதும் தம்பிக்கு அதை இணைக்கத் தெரியவில்லை. சென்னையிலிருந்து மறுபடி கையால் பெயர் எழுதிய சிடி வந்தது, மறுபடி வைரஸ் வந்தது. சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று பாவா மலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாராம். அக்கா போனில் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. போர்டில் லினக்ஸ் கற்றுத் தரப்படும் என்ற வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

அக்கா மகளுக்கு மலையில் காது குத்தினார்கள். அக்காவுக்காகப் போனேன். இறங்கி வந்ததும் எல்லோரும் கடையில் வந்து உட்கார்ந்தார்கள். நான் மாடத்தை அன்றுதான் மறுபடி கிட்டத்தில் பார்த்தேன். அடியில் கசிந்திருந்த பழைய சந்தனம் பழுப்பாகியிருந்தது. எழுத்துப் பக்கத்தில் வாராவாரம் வைத்த குங்குமம் தடித்துப் படிந்திருந்தது. ஆனால் என் பெயர் மேல் ஒரு துளி இல்லை. முதலெழுத்து, பெயர், பி.எஸ்சி., எல்லாம் எழுதிய அன்று போலவே இருந்தன. அவற்றைச் சுற்றி மட்டும் பொட்டுகள்.

‘நீ வெச்சதா?’ என்று அக்காவைக் கேட்டேன்.

‘எழுத்து மேல பொட்டு வெக்கக் கூடாதில்ல’ என்றாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. என் பெயர் எந்த இடத்தில் முடிகிறது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், இது போதுமா என்பதுபோல். போதவில்லை. அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் சிரித்தபோது தரையைப் பார்க்காமல் வாயைத் திறந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

காது குத்துக்கு வந்த தூரத்து உறவுக்கார அம்மா ஒருத்தி மாடத்தை அண்ணாந்து பார்த்தாள். ‘அதுல இன்னாவோ எழுதியிருக்குதே தம்பி?’ என்றாள் பாவாவிடம்.

பாவா என்னைப் பார்க்கவில்லை. ‘அதுவா? அனுப்பினவங்க பேரு’ என்றார்.

கற்பூரம் ஏற்றினார். முருகனுக்கும் லட்சுமிக்கும் பெருமாளுக்கும் காட்டிவிட்டு, சிடிக்கு முன்னால் தட்டைக் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சுற்றினார். அந்த வெளிச்சத்தில் என் பெயர் தெளிவாகத் தெரிந்தது. தம்பி கை கூப்பினான். உறவுக்காரர்கள் கை கூப்பினார்கள். பாவா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா கண்ணை மூடினாள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் பெயரை எல்லோரும் கும்பிட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை.